நடத்துநர் போன பிறகு: ஹாலே இசைக்குழுவின் கதையை மறுபடி வாசித்தல்



உயர்நிலை மூன்று மாணவர்களின் வாய்மொழிப் பயிற்சிக்கு ஒரு செய்தியை எடுத்துக்கொண்டு போயிருந்தேன். சிங்கப்பூரில் பிறந்த வோங் கா சுன், இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரத்து ஹாலே இசைக்குழுவுக்கு முதன்மை நடத்துநராக, 2024 செப்டம்பரில் தொடங்கிய பருவத்திலிருந்து பொறுப்பேற்றார் என்பது செய்தி. நம்ம ஊர்க்காரர், பிள்ளைகள் ஆர்வமாகப் பேசுவார்கள் என்று நினைத்தேன்.

"மான்செஸ்டர்னா ஃபுட்பால்தானே டீச்சர்?" என்றான் ஒருவன். "ஆர்க்கெஸ்ட்ராவா? கல்யாண வீட்ல பாடுவாங்களே, அதுவா?" என்றாள் இன்னொருத்தி. வகுப்பே சிரித்தது. கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவன் மட்டும் வேறொன்று கேட்டான். "இதுக்கு முன்னாடி இருந்த நடத்துநர் போயிட்டார்ல, அப்போ அந்தக் குழு நின்னுடலையா டீச்சர்?"

அவன் ஏன் அப்படிக் கேட்டான் என்று பிறகுதான் தெரிந்தது. தொடக்கப்பள்ளியில் அவன் தபலா வாசித்திருக்கிறான். பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள் கொண்ட சின்ன இந்திய இசைக்குழு அது. பொறுப்பாசிரியர் வேறு பள்ளிக்கு மாறிப்போனார், அடுத்த ஆண்டே குழு இல்லை. தபலாக்கள் ஒரு அலமாரிக்குள் போயின. அவனைப் பொறுத்தவரை ஆள் போனால் குழுவும் போய்விடும். அதுதான் உலக வழக்கம்.

அந்தக் கேள்விக்கு ஒழுங்கான பதில் சொல்ல வேண்டும் என்றுதான் ஹாலேயின் கதையை உட்கார்ந்து படித்தேன், அவர்களுடைய பதிவுகளையும் கேட்டேன். அந்தக் கதை வழக்கமாகச் சொல்லப்படும் விதத்தில் ஒரு பெரிய குறை இருப்பதாக எனக்குப் படுகிறது. அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

முதலில் ஒரு சொல்

சிம்பொனி இசைக்குழு என்றால் வயலின் வகைகள், மரக் குழல்கள், பித்தளை ஊதுகருவிகள், தாளக் கருவிகள் என்று எழுபது எண்பது பேர் ஒரே மேடையில் உட்கார்ந்து, எழுதி வைத்த இசையை வாசிக்கும் குழு. தமிழில் 'ஆர்க்கெஸ்ட்ரா' என்ற சொல் மெல்லிசைக் குழுவுக்குப் போய்விட்டதால் மாணவர்கள் குழம்புவதில் தப்பில்லை. நமக்கு ஒரு பழைய சொல் இருக்கிறது: பல்லியம். பல இயங்கள், அதாவது பல வாத்தியங்கள் சேர்ந்து ஒலிப்பது. சங்க இலக்கியத்திலேயே உள்ள சொல். இதை வகுப்பில் சொன்னதும் அந்தச் சிரிப்பு கொஞ்சம் அடங்கியது.

ஹாலே ஒரு தேசிய இசைக்குழு அல்ல. தலைநகரில் இருக்கும் குழுவும் அல்ல. இங்கிலாந்தின் வடக்கே ஓர் ஆலை நகரம் தனக்காக உருவாக்கிக்கொண்ட வட்டாரக் குழு. கோயம்புத்தூரை 'தென்னிந்தியாவின் மான்செஸ்டர்' என்கிறோமே, அந்த மான்செஸ்டர்தான். அதன் செல்வம் பருத்தியிலிருந்து வந்தது. அமெரிக்காவில் அடிமைகள் பறித்த பருத்தி அங்கே துணியானது. அந்தத் துணி இந்தியச் சந்தைக்கு வந்து நம் கைத்தறியை நசுக்கியது. ஹாலேயின் இனிமையான இசையைப் பற்றிப் பேசும்போது இந்தக் கணக்கையும் மறந்துவிடக் கூடாது. அரங்கத்தின் முன்வரிசை நாற்காலிகளை வாங்கியது பெரும்பாலும் அந்தப் பருத்திப் பணம்தான்.

பெயர்ப் பட்டியலாகச் சொல்லப்படும் வரலாறு

ஹாலேயின் வரலாற்றை யார் சொன்னாலும் நான்கு பெயர்களில் சொல்லி முடித்துவிடுவார்கள். 1858ல் குழுவைத் தொடங்கிய சார்ல்ஸ் ஹாலே. 1899 முதல் 1911 வரை நடத்திய ஹான்ஸ் ரிக்டர். வாக்னரின் 'ரிங்' நாடகங்களை 1876ல் பைராய்ட்டில் முதன்முதலாக நடத்தியவர். 1943ல் வந்த ஜான் பார்பிரோலி. 2000 முதல் 2024 வரை இருந்த மார்க் எல்டர். இப்போது ஐந்தாவதாக நம்ம வோங் கா சுன்.

நாம் மன்னர்களின் பெயர்களை வைத்து வரலாறு நடத்துகிற மாதிரிதான் இதுவும். ராஜராஜன் கோயில் கட்டினான் என்போம், கல் சுமந்தவர் யார் என்று கேட்க மாட்டோம். பட்டியல் பொய் இல்லை. ஆனால் ஒரு பெயருக்கும் அடுத்த பெயருக்கும் நடுவில் என்ன நடந்தது என்பது அதில் இல்லை. என் மாணவனின் கேள்விக்குப் பதில் அந்த நடுவில்தான் இருக்கிறது.

ஒரு கச்சேரிக்கு ஒரு பென்னி

ஆரம்பத்திலிருந்தே பார்ப்போம். கார்ல் ஹாலே ஜெர்மனியின் ஹாகன் ஊரில் 1819ல் பிறந்தவர். பாரிஸில் பியானோ கலைஞராக இருந்தார். 1848 புரட்சியில் பாரிஸில் பிழைப்பு போனது. இங்கிலாந்துக்கு வந்தார், மான்செஸ்டரில் துணித் தொழில் செய்த ஒரு ஜெர்மானியர் அவரை அங்கே அழைத்தார். அப்போது அந்த ஊரில் இருந்த இசைச் சங்கம் சந்தா கட்டிய கனவான்களுக்கு மட்டும். மற்றவர்களுக்குக் கதவு திறக்காது.

1857ல் மான்செஸ்டரில் மாபெரும் கலைப் பொக்கிஷக் கண்காட்சி ஒன்று நடந்தது. 13 லட்சத்துக்கும் மேற்பட்டோர் வந்தார்கள். அங்கே தினமும் வாசிக்க ஹாலே ஒரு குழுவைத் திரட்டினார். கண்காட்சி முடிந்ததும் நல்ல வாத்தியக்காரர்கள் கலைந்து போய்விடுவார்களே என்ற கவலையில், சொந்தப் பொறுப்பில் கச்சேரிகள் நடத்த முடிவு செய்தார். 1858 ஜனவரி 30 அன்று ஃப்ரீ டிரேட் ஹாலில் முதல் கச்சேரி. சந்தா வேண்டாம், டிக்கெட் வாங்கினால் போதும். கூலித் தொழிலாளியும் வாங்கக்கூடிய மலிவான இடங்களும் உண்டு.

முதல் பருவத்தில் 30 கச்சேரிகள். முடிவில் மேலாளர்கள் ஹாலேயிடம் லாபத்தைக் கொடுத்தார்கள்: பத்துப் புத்தம் புதிய மூன்று பென்னி நாணயங்கள். மொத்தம் முப்பது பென்னி, அதாவது கச்சேரிக்கு ஒரு பென்னி! இதை ஹாலேயே தன் வாழ்க்கைக் குறிப்பில் எழுதியிருக்கிறார். அவர் மறு ஆண்டும் நடத்தினார்.

இதுவரை இது ஒரு தனிமனிதரின் பிடிவாதத்தின் கதை. அதை மறுக்கவில்லை. ஆனால் பார்த்துக்கொள்ளுங்கள்: அவர் குழுவை மட்டும் கட்டவில்லை. குழுவோடு சேர்ந்து, சம்பளம் வாங்காமல் பாடும் ஊர் மக்களின் பாடற்குழு ஒன்றும் 1858லேயே பிறந்தது. 1893ல் மான்செஸ்டரில் இசைக் கல்லூரி திறக்கப்பட்டபோது அதன் முதல் முதல்வரும் அவரே. கேட்பவர், பாடுபவர், கற்பவர் என்று மூன்று வேர்களை அவர் மண்ணில் இறக்கியிருந்தார்.

மூன்று இடைவெளிகள்

முதல் இடைவெளி 1895. அந்த ஆண்டு அக்டோபரில் ஹாலே இறந்தார். கச்சேரிகள் அவருடைய சொந்தத் தொழில். சட்டப்படி பார்த்தால் அவரோடு எல்லாம் முடிந்திருக்க வேண்டும். மூன்று பேர் முன்வந்தார்கள்: ஹென்ரி சைமன், குஸ்தாவ் பெரன்ஸ், ஜேம்ஸ் ஃபோர்சைத். நட்டம் வந்தால் நாங்கள் ஈடு செய்கிறோம் என்று மூன்று பருவங்களுக்கு உறுதி கொடுத்தார்கள். அந்த அவகாசத்தில்தான் 1899ல் ஹாலே கச்சேரிச் சங்கம் உருவானது. ஒரு மனிதரின் தொழில் ஊரின் சொத்தாக மாறியது அப்போதுதான். அதன் பிறகே ரிக்டர் வந்தார். எல்கரின் முதல் சிம்பொனி 1908 டிசம்பர் 3 அன்று மான்செஸ்டரில் அரங்கேறியது. அந்தச் சிம்பொனி அடுத்த ஓராண்டிலேயே உலகம் முழுக்க ஏறக்குறைய நூறு முறை வாசிக்கப்பட்டது. எல்கரையும் ரிக்டரையும் எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறோம். நட்டத்துக்குக் கையெழுத்துப் போட்ட மூன்று பேரை எத்தனை பேர் நினைக்கிறோம்?

இரண்டாவது இடைவெளி இரண்டாம் உலகப் போர். 1940 டிசம்பரில் ஜெர்மானியக் குண்டுகள் ஃப்ரீ டிரேட் ஹாலை எரித்தன. இளம் கலைஞர்கள் போருக்குப் போயிருந்தார்கள். மீதிப் பேரில் பலர் பிபிசியின் வடக்கு வட்டாரக் குழுவிலும் வாசித்து வந்தவர்கள். இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். அதுவரை, 85 ஆண்டுகளாக, ஹாலேயில் வாசித்தவர்களுக்கு ஆண்டு முழுவதும் வேலை இருந்ததில்லை. குளிர்காலப் பருவத்தில் கச்சேரி, கோடையில் கடற்கரை ஊர்களில் கிடைத்த பிழைப்பு. இனி முழுநேரக் குழுவாக மாறுவது என்று சங்கத்தின் நிர்வாகம் துணிந்து முடிவெடுத்தது. ஹாலேயா பிபிசியா என்று தேர்ந்தெடுக்கச் சொன்னபோது, இரண்டிலும் வாசித்தவர்களில் நான்கே பேர்தான் ஹாலேயைத் தேர்ந்தெடுத்தார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. போர்க் காலத்தில் நிலையான சம்பளத்தை யார் விடுவார்?

நியூயார்க்கிலிருந்து வந்து இறங்கிய பார்பிரோலிக்குக் கிடைத்தது ஏறக்குறைய பாதிக் குழு. கச்சேரிக்கோ சில வாரங்கள்தான் இருந்தன. காலையிலிருந்து இரவு வரை ஆள் தேர்வு நடத்தினார். முதல் புல்லாங்குழலுக்கு ஒரு பள்ளி மாணவன். மான்செஸ்டர் வட்டாரத்துப் பித்தளை வாத்தியக் குழுக்களிலிருந்தும் இராணுவ பேண்டுகளிலிருந்தும் ஊதுகலைஞர்கள். ஹார்ன் வாசிக்க ஒரு பள்ளி ஆசிரியை!

இந்த வரியைப் படித்ததும் புத்தகத்தை மூடிவைத்துக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். பகலில் கரும்பலகை முன் நின்றுகொண்டிருந்த ஒருத்தி, ஒரு நகரத்தின் இசைக்குழு செத்துப்போகாமல் இருக்க ஹார்னை எடுத்துக்கொண்டு வந்திருக்கிறாள். இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. முதல் உலகப் போர்க் காலத்தில் ஹாலேயில் பெண்கள் வாசித்தார்கள். ஆண்கள் திரும்பி வந்ததும், 1920களின் தொடக்கத்தில் அவர்களை நீக்கிவிட்டார்கள். தேவைப்பட்டபோது கூப்பிட்டு, தேவை தீர்ந்ததும் அனுப்பிவிட்ட அதே குழுவுக்குத்தான் இருபது ஆண்டு கழித்து அந்த ஆசிரியை வந்தார். ஹாலேயைப் புகழ்கிறவர்கள் இதை அடிக்குறிப்பில் தள்ளிவிடக் கூடாது.

ஜூலையில் பிராட்ஃபோர்டில் புதிய குழு மேடையேறியது. சொந்த அரங்கம் எரிந்துபோன நிலையில், 1951ல் அது மறுபடி திறக்கும்வரை, கிடைத்த இடத்திலெல்லாம் வாசித்தார்கள். பெல் வூ விலங்குத் தோட்ட வளாகத்தில் இருந்த சர்க்கஸ் அரங்கமும் அதில் ஒன்று. பார்பிரோலிக்குப் பெரிய இடங்களிலிருந்து அழைப்பு வந்தும் போகவில்லை. 1970ல் இறக்கும்வரை அந்தக் குழுவோடு இருந்தார். அவர் இல்லாவிட்டால் ஹாலே பிழைத்திருக்காது என்பார்கள், நானும் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அவரை அழைத்த நிர்வாகம் சம்பளப் பிரச்சினையைத் தீர்க்காமல் இருந்திருந்தால் அவர் வந்தும் என்ன செய்திருப்பார்?

மூன்றாவது இடைவெளி 1990களின் கடைசி. 1996ல் 2,300 பேர் அமரும் பிரிட்ஜ்வாட்டர் ஹால் திறக்கப்பட்டது. பக்கத்தில் ஓடும் டிராம் அதிர்வு உள்ளே வராமல் இருக்க, சுமார் 280 எஃகுச் சுருள்வில்களின் மேல் நிற்கும் கட்டடம். அப்படிப்பட்ட அரங்கத்துக்குள் போன கையோடு குழு திவாலாகும் நிலைக்கு வந்தது. புதிய கட்டடம் ஒரு குழுவைக் காப்பாற்றாது என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம். செலவைச் சுருக்கி, நிர்வாகத்தை மாற்றி, பொது நிதியையும் நன்கொடையையும் திரட்டித்தான் எழுந்தார்கள். எல்டர் வந்த பிறகு 2002ல் இளையர் இசைக்குழுவும், 2003ல் சொந்தப் பதிவு நிறுவனமும் தொடங்கினார்கள். ஆன்கோட்ஸ் பகுதியில் ஒரு பழைய தேவாலயத்தைப் பயிற்சிக்கூடமாக மாற்றி, 2013 முதல் பயன்படுத்துகிறார்கள்.

காதில் விழுவது

சரி, இதெல்லாம் இசையில் கேட்கிறதா? எனக்கு மேற்கத்திய இசையில் முறையான பயிற்சி இல்லை. வீணை கொஞ்சம் படித்த காதுதான். கேட்டதைச் சொல்கிறேன்.

1960களில் பார்பிரோலியும் ஹாலேயும் பதிவு செய்த சிபேலியஸ் சிம்பொனிகளில் இரண்டாவதைக் கேளுங்கள். வயலின்கள் ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்குத் தாவாமல் வழுக்கிக்கொண்டு போகின்றன. நம் காதுக்கு அது கமகத்தின் தூரத்துச் சொந்தம். சில இடங்களில் எல்லோரும் ஒரே நொடியில் சேர்ந்து விழவில்லை, பித்தளைக் கருவிகள் கொஞ்சம் முரடாகவே ஒலிக்கின்றன. நடத்துநர் தன்னை மறந்து முனகுவதும் காதில் விழும். உலகின் பணக்காரக் குழுக்களின் பளபளப்பு இதில் இல்லை. ஆனால் கடைசிப் பகுதியில் அந்த எளிய மெட்டு திரும்பத் திரும்ப எழும்போது, வாசிக்கிறவர்களுக்கு அது தங்கள் சொந்த விஷயம் என்று தெரிகிறது.

எல்டரின் காலத்தில் அதே குழு வாசித்த எல்கர் முதல் சிம்பொனி வேறு மாதிரி. இது 1908ல் இதே குழு அரங்கேற்றிய படைப்பு. தொடக்கத்தில் நடைபோடும் அமைதியான மெட்டு. கிட்டத்தட்ட ஐம்பது நிமிடம் கழித்து, எத்தனையோ குழப்பங்களைத் தாண்டி, முழுக் குழுவின் குரலில் அதே மெட்டு திரும்பி வருகிறது. எல்டர் அதை அவசரப்படுத்துவதில்லை, அழுத்திப் பெரிதாக்குவதும் இல்லை. துல்லியம் கூடியிருக்கிறது. பார்பிரோலி காலத்து வியர்வை வாசனை குறைந்திருக்கிறது என்றும் சொல்வேன். எனக்கு அது ஒரு சின்ன இழப்பு.

மூன்றாவதாக, வோங் கா சுன் ஹாலேயோடு பதிவு செய்த பிரிட்டனின் 'பகோடாக்களின் இளவரசன்'. பெஞ்சமின் பிரிட்டன் 1956ல் பாலித் தீவுக்குப் போய் கமலான் இசையைக் கேட்டவர். மறு ஆண்டு அரங்கேறிய இந்தப் பாலே இசையில், பகோடாக்கள் வரும் இடத்தில் செலஸ்டா, பியானோ, வைப்ராஃபோன், சைலோஃபோன், காங் எல்லாவற்றையும் வைத்துக் கமலானின் ஒலியை மேற்கத்தியக் குழுவுக்குள் கொண்டு வந்தார். இதை வெறும் 'கிழக்கத்திய' அலங்காரமாக வாசித்துவிட்டுப் போவது சுலபம். வோங் கா சுன் அப்படிச் செய்யவில்லை. வேகமாக மின்னும் மேல் அடுக்கு, நிதானமாக நகரும் நடு அடுக்கு, எப்போதாவது விழும் காங்கின் ஆழம் என்று கமலானின் அடுக்குகள் தனித்தனியாகக் காதில் விழுகின்றன. நம் வட்டாரத்து ஒலியை அலட்டிக்கொள்ளாமல், அதற்குரிய மரியாதையோடு வாசித்திருக்கிறார்கள். பாலே முழுவதும் இதே தரத்தில் இருக்கிறது என்று சொல்ல மாட்டேன். நடுவில் சில நடனங்கள் மேடை இல்லாமல் நீளமாகத் தெரிகின்றன. அது பிரிட்டனின் பிரச்சினை.

மூன்று நடத்துநர்கள், மூன்று ஒலிகள். மூன்றிலும் சில பொதுவானவை: பாடுகிற மாதிரி வாசிக்கும் நரம்புக் கருவிகள், தன்னைக் காட்டிக்கொள்ளாத நேர்மை. அது எந்த நடத்துநரின் பெட்டியிலும் வந்ததில்லை. மூத்தவர் பக்கத்தில் இளையவர் உட்கார்ந்து பழகிப் பழகி வந்தது. நாற்காலி நிலையாக இருந்தால்தான் அந்தப் பழக்கம் கைமாறும்.

நமக்கு என்ன?

வோங் கா சுன் 2016ல் மாலர் நடத்துநர் போட்டியில் வென்றபோது நாம் பெருமைப்பட்டோம். இப்போதும் பெருமைப்படலாம். ஆனால் 'நம்ம ஊர்க்காரர் உலகை வென்றார்' என்பதோடு நிறுத்தினால், அதே பெயர்ப் பட்டியலில் இன்னொரு பெயரைச் சேர்த்ததோடு சரி. அவரும் பள்ளி பேண்டில் வாசித்து வளர்ந்தவர். அந்த பேண்டுக்கு ஒரு பொறுப்பாசிரியர் இருந்திருப்பார், ஓர் அறை இருந்திருக்கும், பழுதான கருவியைச் சரிசெய்ய ஒரு சின்னத் தொகை இருந்திருக்கும். அவர் போன பிறகும் அடுத்த பிள்ளை வந்து உட்கார ஒரு நாற்காலி இருந்திருக்கும்.

நம் பள்ளிகளில் தமிழோடு தொடர்புள்ள குழுக்கள் பெரும்பாலும் ஒரே ஆசிரியரின் தோளில் நிற்கின்றன. இந்திய நடனம், இசை, நாடகம், பட்டிமன்றம், எல்லாமே. நாமும் 'அவர் இருந்தா போதும், எல்லாம் நடக்கும்' என்று பாராட்டிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். அந்தப் பாராட்டே ஆபத்து என்று ஹாலேயின் கதை எனக்குச் சொல்கிறது. 1895ல் மூன்று பேர் போட்ட கையெழுத்துக்கு நம் பள்ளியில் என்ன பெயர்? இணைப் பொறுப்பாசிரியர் ஒருவர், குழுவின் பழக்கங்களை எழுதி வைத்த ஒரு கோப்பு, மூத்த மாணவர் இளையவருக்குச் சொல்லித்தரும் அரை மணி நேரம், பெற்றோரும் வந்து சேர்ந்து பாடக்கூடிய ஒரு நாள். எதுவும் பெரிய விஷயம் இல்லை.

வகுப்பில் பயன்படுத்த விரும்புவோர் இப்படிச் செய்து பார்க்கலாம். எல்கர் சிம்பொனியின் முதல் மூன்று நிமிடத்தைப் போட்டுக் காட்டுங்கள். பிறகு 1943ன் கதையைச் சொல்லி, அந்த ஹார்ன் வாசித்த ஆசிரியையோ புல்லாங்குழல் மாணவனோ எழுதுவதுபோல் ஒரு நாட்குறிப்பு எழுதச் சொல்லுங்கள். என் மாணவர்கள் வழக்கமாக எழுதுவதைவிட அரைப் பக்கம் கூடுதலாகவே எழுதினார்கள்.

கடைசி வரிசை மாணவனுக்கு நான் சொன்ன பதில் இதுதான்: "நின்னுடலைப்பா. நின்னுடக் கூடாதுன்னு பல பேர் வேலை பார்த்தாங்க." அவன் கொஞ்சம் யோசித்துவிட்டு, "எங்க ஸ்கூல்ல யாரும் பார்க்கலை" என்றான். அதற்கு என்னிடம் பதில் இல்லை. ஆனால் அந்தத் தபலாக்கள் இன்னும் எங்காவது ஓர் அலமாரியில்தான் இருக்க வேண்டும்.